நரியும் கரண்ட் பில்லும்

லினக்ஸ் வைத்திருப்பவன் வேலையே செய்வதில்லை, வேலைக்கான ஐகான்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறான் என்று ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். வால்பேப்பரும் மாற்றுவோம்.

எங்கள் மேல் தப்பில்லை. மெனுவில் தெரிகிற ஒவ்வொரு ஐகானுக்குப் பின்னாலும் ‘.டெஸ்க்டாப்’ என்று முடியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. ‘நேம்’ வரியில் பெயர், ‘ஐகான்’ வரியில் படம், ‘எக்ஸெக்’ வரியில் அழுத்தினால் ஓட வேண்டிய கட்டளை. எந்த எடிட்டரிலும் திறந்து திருத்தலாம். டெஸ்க்டாப் க்னோமோ கேடிஇயோ எக்ஸ்எஃப்சிஇயோ, எல்லாம் இதே ஃபைலைத்தான் படிக்கின்றன. இவ்வளவு அதிகாரத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்றால் எப்படி?

அதிலும் ஒரு விசேஷம். அசல் ஃபைல் சிஸ்டத்தின் சொத்து. ரூட் பாஸ்வேர்டு இல்லாமல் தொட முடியாது. ஆனால் அதை நகலெடுத்து, அதே பெயரில், நம் ஹோம் ஃபோல்டரில் ‘.லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்ற இடத்தில் போட்டுவிட்டால், நம் வரைக்கும் நகல்தான் செல்லும், அசல் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்தால் கம்பி எண்ண வேண்டும்.

இந்த உரிமையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது 2011-ல் தெரிந்தது. உபுண்டு 11.04-ல் யூனிட்டி என்ற டெஸ்க்டாப் வந்தபோது லாஞ்சர் பட்டை திரையின் இடது ஓரத்தில் அட்டையாக ஒட்டிக்கொண்டது. கீழே கொண்டுவர வழியில்லை. கொதித்துப்போனார்கள் நம்மவர்கள். 16.04-ல், அதாவது 5 வருடம் கழித்து, கீழே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. மறு வருடமே 17.10-ல் உபுண்டு க்னோமுக்குத் திரும்பிவிட்டது. எங்களுக்கு நேரெதிர், டிமெனு என்ற மெனுவை வைத்திருக்கும் கோஷ்டி. ஐகானே கிடையாது, பெயரை டைப் அடிக்க வேண்டியதுதான். அதன் அமைப்புகளை மாற்ற ஹெடர் ஃபைலைத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்யச் சொல்வார்கள். அப்படி ஒரு நண்பர் இருக்கிறார். ஐகான் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு பரிதாபம்.

நான் ஐகான் கட்சி. வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஒரே லேப்டாப்பில், ஒரே கணக்கில் குடியிருக்கிறார்கள். டெபியன், எக்ஸ்எஃப்சிஇ, தமிழ் மெனு. முதல் மனு அம்மாவுடையது. ஃபயர்பாக்ஸ் அவளுக்கு எப்போதும் நரிதான். “நரியத் திறந்தா சீரியல் வரும்னு சொன்னே, நரியைக் காணோமேடா?” ‘நேம்’ வரியில் ‘நரி’ என்று எழுதினேன். தீர்ந்தது.

கால்குலேட்டரை ‘கணக்கு’ ஆக்கச் சொன்னதுதான் இழுத்தது. ‘நேம்’ வரியை மாற்றினேன்; மெனு அசையவில்லை. ஃபைலை உருட்டிக்கொண்டே போனால் அரபி, வங்காளம் என்று ஊரிலுள்ள மொழிக்கெல்லாம் தனித்தனி ‘நேம்’. நடுவில் தமிழுக்கும் ஒன்று. மெனு தமிழில் இருந்தால் அந்த வரிதான் ஆட்சி செய்யும். மேலே இருக்கிற பொது ‘நேம்’ ஆளுநர் மாதிரி.

அப்பாவின் மனு கரண்ட் பில். ஒரே அழுத்தில் மின்வாரியப் பக்கம் திறக்க வேண்டும். ‘எக்ஸெக்’ வரியில் எக்ஸ்டிஜி-ஓப்பன், பக்கத்தில் முகவரி, முடிந்தது. டெஸ்க்டாப்பில் வைத்து அழுத்தினால், இது நம்பத்தகாத லாஞ்சர் என்று ஒரு எச்சரிக்கை. அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். “யாரை நம்ப முடியாதுங்கறான்? என்னையா, உன்னையா?” ஃபைலுக்கு இயங்கும் அனுமதி கொடுத்தேன், எச்சரிக்கை அடங்கியது, அப்பா அடங்கவில்லை. ஐகானாக பல்பு வைத்திருந்தேன். கூடாதாம். நம் வீட்டு மீட்டர் பெட்டிதான் வேண்டுமாம். வாசலுக்குப் போய் போட்டோ எடுத்துவந்து வைத்தேன். 48 பிக்ஸலுக்குச் சுருங்கியதும் கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. “மீட்டர் எரிஞ்சுபோன மாதிரின்னா இருக்கு” என்றாலும் ஏற்றுக்கொண்டார். அந்த ஃபைலைத் திறந்து, எது எந்த வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் வைத்துக்கொண்டார். ரிட்டையரானவருக்கு இந்த வயதில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு ஏகப் பெருமை.

அடுத்த மனு அம்மாவிடமிருந்து, ரகசியமாக. அப்பா சாப்பிட்டு எழுந்ததும் சீட்டு விளையாட்டில் உட்கார்ந்துவிடுகிறார், கண் கெட்டுப்போகிறது, அதைத் தூக்கிவிடு. தூக்க வேண்டியதே இல்லை. சாலிட்டேர் ஃபைலின் நகலில் ‘நோடிஸ்ப்ளே’ என்று ஒரு வரி சேர்த்து ‘ட்ரூ’ போட்டால், நிரல் இருக்கும், மெனுவில் தெரியாது. அப்பா தேடினார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்படிச் சும்மா இருக்கிற ஆளில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன வாரம் அந்த ‘அப்ளிகேஷன்ஸ்’ ஃபோல்டருக்குள் வேறு வேலையாகப் போனால், கரண்ட் பில் ஃபைலுக்கு ஒரு நகல் இருந்தது. பெயர் ‘கரண்ட் பில் 2’. அதே எரிந்த மீட்டர். ‘எக்ஸெக்’ வரியில் மட்டும், மின்வாரிய முகவரியை அழித்துவிட்டு, ‘சால்’ என்று சாலிட்டேருடைய கட்டளை.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏண்டா, கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே வரும்? உங்கப்பா தினமும் மத்தியானம் ரெண்டு மணி நேரம் கட்டறாரே?”