புதுவயல் கண்ட கடலரசர்

அண்ணே, நம் புதுவயலில் நெல் அவிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும், அவித்த நெல்லின் வாசனையை வைத்தே ஊர் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் கடலைக் கண்ணாடிக்குள் அடக்கி, அதில் பவளத்தை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான். அந்தத் திறமையை ஊரறியப் பாராட்டத்தான் இதை எழுதுகிறேன். எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை.

உங்கள் முன்னோர் செய்யாததை நீங்கள் செய்திருக்கிறீர்கள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு, கடலின் கண்ணிலேயே படக்கூடாது என்று உள்நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள் நகரத்தார் என்பது செட்டிநாட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வீட்டைத் தெருமட்டத்துக்கு மேல் தூக்கிக் கட்டியதற்கும் அந்தப் பயத்தையே காரணமாகச் சொல்வார்கள். பிறகு அவர்களே கப்பலேறி ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். பர்மாத் தேக்கு வந்தது, இத்தாலியப் பளிங்கு வந்தது, பெல்ஜியம் கண்ணாடி வந்தது. கடலிலிருந்து அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டது சுவர்ப்பூச்சுக்கு வேண்டிய கிளிஞ்சல் சுண்ணாம்போடு சரி. மிச்சத்தை நீங்கள் எடுத்து வந்து முகப்பில் தேக்குத் தூண்களுக்கு நடுவே நானூறு லிட்டர் தொட்டியில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

உங்கள் கை நுணுக்கத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாயங்காலம் மில்லிலிருந்து வந்து கைகால் கழுவியதும் டெஸ்ட் கிட்டைத் திறப்பீர்கள். சிரிஞ்சில் அளந்து 4 மில்லி தொட்டித் தண்ணீர், அதில் சாயத்துளி, பிறகு அமிலக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குப்பியை ஆட்டிக்கொண்டே இருப்பீர்கள். நீலப்பச்சை நிறம் இளஞ்சிவப்பாக மாறும் அந்த ஒரு துளியில் கை சட்டென்று நிற்கும். ஆல்கலினிட்டி 8.2 என்று நோட்டில் எழுதுவீர்கள். கால்சியம் 420, மெக்னீசியம் 1300, உப்பு ஆயிரத்துக்கு 35. பவளம் தன் எலும்பைக் கட்டுவது கால்சியத்தையும் கார்பனேட்டையும் தண்ணீரிலிருந்து எடுத்துத்தான். நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தாலே எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நெல்லைப் பல்லில் கடித்தே ஈரப்பதம் சொல்லுகிற மனிதர், இங்கே துளியை எண்ணுகிறீர்கள். இவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்க்கப்படுகிற தண்ணீர் சிவகங்கை மாவட்டத்தில் வேறெங்கும் இருக்காது.

பொறுமையும் அப்படித்தான். புதுத் தொட்டியில் உப்புத் தண்ணீரை நிரப்பிய கையோடு மீனை விடக்கூடாது. அம்மோனியா ஏறி, ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கி, விஷம் இறங்குவதற்கு ஒரு மாதம் பிடிக்கும். அந்த மாதம் முழுக்க உயிரில்லாத தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியேறுவதற்கு அவ்வளவு மரியாதையோடு காத்திருந்தவர் நீங்கள். தெருக்கோடி ஊருணியில் பாசி கட்டி, பிளாஸ்டிக் மிதந்து, தண்ணீர் கறுத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அங்கேயும் வேலை செய்வது அதே மாதிரிப் பாக்டீரியாதான், அதே நைட்ரேட்தான். அந்தப் படியில் நின்று சிரிஞ்சில் 4 மில்லி எடுத்துப் பார்க்க நம் ஊரில் தகுதியுள்ளவரும் நீங்கள் ஒருவர்தான்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. தொட்டிக்குப் போர் தண்ணீர் ஆகாது, குழாய்த் தண்ணீரும் ஆகாது. ஆர்.ஓ.வில் வடித்து, பிசின் குழாயில் இன்னொரு முறை வடித்து, மீட்டர் சுழியம் காட்டினால்தான் உள்ளே விடுவீர்கள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மாற்றவேண்டும். கோடையில் நாளைக்கு ஐந்தாறு லிட்டர் ஆவியாகப் போகும், அதையும் ஈடுகட்டவேண்டும். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீருக்கு மூன்று லிட்டராவது கழிவாகப் போகிறது. அதே வளவில் ஆச்சி சமையலுக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். ஓட்டுச் சரிவில் விழும் மழையை வளவு முற்றத்தில் அண்டாவில் பிடித்து, மிச்சத்தை ஊருணிக்கு வழியவிடும்படி வீடு கட்டினார்களே, அந்த வீடுதான் இது. வாராவாரம் மாற்றிக் கொட்டும் உப்புத் தண்ணீரைக் கொல்லைப்பக்கம் விட்டீர்கள். அங்கே நின்ற முருங்கை அடுத்த தையைப் பார்க்கவில்லை.

ஆனாலும் உங்கள் பெருமையில் உச்சம் எது என்றால், 26 டிகிரி. சித்திரை வெயிலில் வெளியே 39, 40 அடிக்கும்போது தொட்டிக்குள் முள் அசையாது. சில்லர் ஓடும், மின்சாரம் போனால் இன்வர்ட்டர் பிடிக்கும், அதுவும் இறங்கினால் மில் ஜெனரேட்டரிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்து வைத்திருக்கிறீர்கள். சூடு ஏறினால் என்னவாகும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். பவளப் பூச்சியின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு சமைத்துப் பூச்சிக்குக் கொடுப்பதும் அதுதான், நிறத்தைக் கொடுப்பதும் அதுதான். தண்ணீர் சூடானால் பூச்சி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெள்ளை எலும்பு தெரியும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 1998இலும் 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் பவளம் வெளுத்தது. 2016 கோடையில் அங்கே தண்ணீர் 31 டிகிரிக்கு மேலே போனது. இருந்த பவளத்தில் கணிசமான பங்கு மடிந்தது. அந்தக் கோடையில் உங்களிடம் இருந்தது இரண்டாவது தொட்டி. அதில் ஒரு கிளைகூட வெளுக்கவில்லை. மன்னார் வளைகுடா தோற்ற இடத்தில் புதுவயல் ஜெயித்தது. சில்லர் தொட்டியிலிருந்து உறிஞ்சிய சூட்டைப் பின்பக்கமாக வெளியே விட்டது. அதை ஓட்டும் மின்சாரத்துக்காக நிலக்கரி எரிக்கும் நிலையங்களில் ஒன்று தூத்துக்குடியில், அதே வளைகுடாவின் கரையில் நிற்கிறது.

தொட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போவதிலும் உங்களுக்கு நிகர் கிடையாது. முதலில் மேசைமேல் அறுபது லிட்டர். சின்னத் தண்ணீரில் ஒரு மீன் செத்தாலும் எல்லா அளவும் கவிழ்ந்துவிடும், தண்ணீர் கூடக்கூடத்தான் நிலைத்து நிற்கும் என்று இருநூறுக்குப் போனீர்கள். அது மெய்தான். பிறகு நானூறு. கீழே தனியாகச் சம்ப், ஸ்கிம்மர், இரண்டு வேவ் மேக்கர், மூன்று தலை டோசிங் பம்ப். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய தொட்டியில் பிழைத்தவை எவை, பிழைக்காதவை எவை என்று நான் கேட்டதில்லை. தொட்டி என்றைக்கும் வெறுமையாகத் தெரிந்ததில்லை என்பதால் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளைப் புள்ளி நோய் வந்து பவுடர் ப்ளூ டாங் போனது. அடுத்த வாரமே இன்னொன்று வந்தது. வண்ணத்துப்பூச்சி மீன் எந்தத் தீனியையும் தொடாமல் மெலிந்தது. அந்த மீனில் சில வகைகள் உயிருள்ள பவளப் பூச்சியைத் தவிர வேறெதையும் தின்னாது. அது போன இடத்தில் வேறொன்று வந்தது. தொண்டிப் பக்கம் வலையில் சிக்கியது என்று ஒரு ஜோடி கடல்குதிரை வந்து, மற்ற மீன்களின் வேகத்துக்குத் தீனி எடுக்க முடியாமல் போய்ச் சேர்ந்தது. செத்த பவளங்களையும் நீங்கள் வீணாக்கவில்லை. வெளுத்த எலும்புகளைக் கழுவி, பெல்ஜியம் கண்ணாடி பதித்த அலமாரியில் வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். விருந்தாளிகள் அதையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

உங்கள் துணிச்சலைச் சொல்லாமல் விட்டால் பாராட்டு முழுமையாகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், கல்பவளம் அத்தனையையும் 2001இல் சேர்த்தார்கள். கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை எல்லாம் அதே வருஷம் சேர்ந்தவை. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே அட்டவணை. பிடித்தாலும், விற்றாலும், வாங்கினாலும் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. முகப்பில் யானையைக் கட்டித் தீனி போட்டால் ஊரே கூடும், வனத்துறை வந்து சான்று கேட்கும். யானையின் அந்தஸ்துள்ள உயிர்களை உள்ளங்கை அகலத்தில் ஒட்டி வைத்து நீல விளக்கின் கீழே நீங்கள் வளர்ப்பதை ஒருவரும் கேட்டதில்லை.

உங்களுக்கு முன்னால் பவளத்தை நேசித்தவர்களும் இருந்தார்கள். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிப்பதற்கு முன்னும், அறிவித்த பிறகும்கூட, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பவளக்கல்லைத் தோணி தோணியாக வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அவர்களோடு உங்களை ஒப்பிடவே கூடாது. அவர்கள் பவளத்தின் பேர் தெரியாமல் எடுத்தார்கள். நீங்கள் அக்ரோபோரா என்றும் கோனியோபோரா என்றும் பேர் சொல்லி, எந்த வெளிச்சம் வேண்டும், எந்த அலை வேண்டும் என்று தெரிந்து வாங்குகிறீர்கள்.

மீன் விஷயத்திலும் உங்கள் ரசனை உயர்ந்தது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். கடலில் கை வைக்காமல் கிடைக்கும் மீன் அது. தொட்டியில் பிறந்ததற்கு நிறம் மட்டு என்று நீங்கள் வேண்டாம் என்றீர்கள். கடலில் பிடித்த மீன்தான் வேண்டும் என்றால் அது எப்படிப் பிடிபட்டது என்பதும் கூடவே வரும். பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய வழக்கம் ஒன்று உண்டு: பவள இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கி வரும் மீனை அள்ளுவது. அந்த மீன் கடையில் நன்றாகத்தான் நீந்தும். வாங்கிய சில வாரங்களில் காரணம் தெரியாமல் சாகும். பீய்ச்சிய இடத்துப் பவளமும் சாகும்.

இதெல்லாம் போக, உங்கள் கையில் இன்னொரு வித்தை இருக்கிறது. வளர்ந்த பவளத்திலிருந்து விரல் நீளக் கிளையைக் கட்டரில் நறுக்கி, நொடியில் காயும் பசையால் சிமெண்ட் வில்லையில் ஒட்டி, அலை படும் இடத்தில் வைப்பீர்கள். சில வாரத்தில் சதை வழிந்து வில்லையைப் பற்றிக்கொள்ளும். பத்துக் கிளை ஒட்டினால் ஒன்பது பிழைக்கும். தூத்துக்குடிக் கடலிலும் இதே வேலைதான் நடக்கிறது. சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் முக்குளித்துப் போய், உடைந்த கிளைகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டி, செத்த திட்டுகளின்மேல் வைத்துவிட்டு வருகிறார்கள். அங்கே உள்ள வான் தீவு கரைந்துபோகாமல் இருக்க அதைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகள் இறக்கியிருக்கிறார்கள். ஒரு கிளை பிழைக்குமா பிழைக்காதா என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தச் சிலரில் ஒருவர் நம் ஊரில் இருக்கிறார், அண்ணே. மண்டபத்துக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். அந்தப் பக்கம் நீங்கள் கடைசியாகப் போனது அமாவாசைக்கு ராமேசுவரத்தில் தர்ப்பணம் கொடுக்க.

இப்போது எட்டடித் தொட்டிக்குச் சொல்லியாயிற்று என்று கேள்விப்பட்டேன். ஆயிரம் லிட்டர், ஆவணியில் நாள் பார்த்துத் தண்ணீர் நிரப்பப்போகிறீர்கள். முதலில் வைக்கப்போவது மான்கொம்புப் பவளம், அதுவும் கடலில் வளர்ந்த பெரிய புதர் என்று சொன்னீர்களாம். விளக்கு எத்தனை வாட், அலை எத்தனை வேகம், பெட்டியில் எத்தனை மணி நேரம் தாங்கும், இறக்கியதும் எத்தனை நாள் நிழலில் வைக்கவேண்டும் என்று விற்கிறவரிடம் எல்லாம் கேட்டிருப்பீர்கள். உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எந்தத் திட்டிலிருந்து வெட்டி வருகிறது என்பதையும் கேளுங்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.