மீண்டோர் குளிர்: ஓர் ஆராய்ச்சி

மலையிற் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிக்கலாம் என்பது தருக்க நூலோர் நெடுங்காலமாகக் கூறிவரும் திருஷ்டாந்தம். அவர்களுள் ஒருவரேனும் இலங்கை மலையகத்து மஸ்கெலியாவுக்கு வந்து போயிருந்தால் வேறோர் உதாரணத்தைத் தேடியிருப்பார். ஏனெனில், இங்கே மலையிற் புகைபோலத் தோன்றுவது பெரும்பாலும் முகில். அதனுள்ளே இருப்பவர்கள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள். ஆகவே, கண்டதை வைத்துக் காணாததைத் துணிவதில் இவ்வூரார் மிகுந்த எச்சரிக்கையுடையவர்கள். ஒரேயொரு விஷயத்தில் மாத்திரம் அனுமானப் பிரமாணத்தைச் சந்தேகமின்றி ஒப்புக்கொள்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும் ஒருவன் இரு கைகளையும் கக்கத்தில் இடுக்கி, தோளைக் காதுவரை உயர்த்தி, "ஸ்ஸ்... என்னா குளிரு!" என்பானாயின், அவன் இவ்வூரிற் பிறந்து, இவ்வூரை விட்டுப் போய், இப்பொழுது திரும்பி வந்திருப்பவன் என்பது நிச்சயம். வைத்திய நூல்களில் இதுகாறும் இடம்பெறாத இந்த உபாதைக்கு, ஆராய்ச்சியின் வசதியை முன்னிட்டு, மீண்டோர் குளிர் என்று பெயரிடுவோம்.

இதனைப் பிறருடைய குளிரோடு மயங்குதல் கூடாது. மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களுட் பலர் இவ்வூரைக் கடந்தே மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிறார்கள். அவர்களும் நடுங்குகிறார்கள், ஆனால் 7,359 அடி உயரமுள்ள சிகரத்தை இரவில் ஏறப்போகிறவர்கள் நடுங்குவது நியாயமே. மேலும், யாத்திரிகன் தன் குளிருக்குக் குல்லா ஒன்றை வாங்கிக்கொண்டு பேசாமற் போய்விடுகிறான். மீண்டவனோ தன் குளிரை யாரிடமாவது சொல்லியே தீரவேண்டியவன். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் இக்குளிர் உண்டாவதில்லை என்பதை இதன் முதல் லட்சணமாகக் கொள்ளலாம்.

பௌதிக சாஸ்திரிகள் இதனை மறுப்பர். உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. மஸ்கெலியா கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 4,000 அடிக்கு மேலே இருக்கிறது. எனவே கொழும்பைவிட இங்கே எட்டுப் பாகை குறைவாயிருத்தல் இயல்பு. கடற்கரைச் சூட்டிற் பழகிய தேகம் அதைத் தாங்காது என்பது அவர்கள் கட்சி. இந்தப் பூர்வபட்சம் வெறும் எண்ணிக்கையளவிற் சரியானதே. ஆனால் அந்த எட்டுப் பாகை, அவன் அரைக்காற்சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்த காலத்திலும் இருந்தது. அப்பொழுது அதை அவன் ஒரு செய்தியாக எவரிடமும் அறிவித்ததில்லை.

அன்றியும், மீண்டோர் குளிர், குளிர் தொடங்கும் இடத்தில் தொடங்குவதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் கொழும்புப் புறக்கோட்டையில் பஸ் ஏறும் இளைஞனைக் கவனியுங்கள். அவிசாவளையில் அவனுக்கு வியர்க்கிறது. கித்துல்கலையிலும் வியர்க்கிறது. கினிகத்தேனையை நோக்கி வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது உள்ளபடியே காற்று மாறுகிறது. வயதானவர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நம் இளைஞனோ மேற்சட்டைப் பொத்தானைத் திறந்துவைத்துக்கொண்டு நன்றாக உறங்குகிறான். நாட்டிலேயே மிகுந்த மழை பெய்யும் பிரதேசமாகிய வட்டவளையைத் தாண்டி, ஹட்டனில் வேறு பஸ் மாறி, நோர்வூட்டை அடைந்து, தெரிந்த முகங்கள் ஏறத் தொடங்கிய பின்னரே பையிலிருந்து சுவெட்டர் வெளியே வருகிறது. சுவெட்டருக்குக் காரணம் வெப்பமானியா, பரிச்சய முகமா என்பதை இனி விவாதிப்பதில் பயனில்லை.

குளிரின் அளவு, போயிருந்த காலத்துக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கூடும். கொழும்பிலே ஒரு கடையிற் சேர்ந்து முதன்முறை ஊர் வருபவன் மாலையில் மாத்திரமே குளிர்கிறான். மூன்றாம் தீபாவளிக்கு நடுப்பகலிலும் குளிர்கிறான். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து திரும்பும் பெண்களோ சாஸ்திரத்தையே தலைகீழாக்கியவர்கள். உலகத்திலேயே கொடிய வெயில் காயும் தேசங்களிலிருந்து அவர்கள் சுமந்து வருவது புலிப்படம் போட்ட தடித்த கம்பளிப் போர்வை. பாலைவனத்தில் அதை வாங்கியவளுக்கு தோட்டத்து வரிசைவீடாகிய லயத்துக் காம்பராவின் குளிர் அங்கிருந்தபடியே தெரிந்திருக்கிறதென்றால், இந்த வியாதி வருமுன்னரே வரக்கூடியது என்று கொள்வதன்றி வேறு வழியில்லை.

இதற்கு உரைகல் பீலி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் குழாயில் ஏந்தி விழவைத்த இடம் அது. விடியற்காலையில் அதன் கீழ் நிற்பவர்கள் எண்ணெய் தேய்த்த குழந்தைகளும், பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகுமுன் குளித்துவிட விரும்பும் பெரியவர்களும். தீபாவளியன்று விடிய நாலு மணிக்கு அங்கே நான் கண்ட காட்சி ஒன்றை எழுதாமல் விட்டால் ஆராய்ச்சி நிறைவுறாது. தலையில் நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் துவாயோடு ஒருவர் நிற்கிறார். பெரிய நகரத்திற் கடை வைத்திருப்பவர். தண்ணீரில் ஒரு விரலை நீட்டினார், எடுத்தார். காலை நீட்டினார், எடுத்தார். ஐந்து வயதுள்ள அவருடைய மருமகள் சோப்பு நுரையோடு பீலிக்குள் நின்று, "மாமா, தள்ளி நில்லுங்க, தண்ணி மேல படும்" என்று அவருக்காகவே கவலைப்பட்டாள். கடைசியில் லயத்துக்குத் திரும்பி வந்து, இஸ்தோப்புத் திண்ணையிலே நின்றபடி, "அம்மா, கொஞ்சம் சுடுதண்ணி வச்சிக் குடேன்" என்றார். "இந்தக் குளிருலதானேடா ஒன்னயப் பெத்தேன்" என்று அந்த அம்மாள் வைதாரேயொழிய, அடுத்த காம்பராவுக்குக் கேட்கும்படி, "எம்மவனுக்குப் பச்சத் தண்ணி இப்ப ஒத்துக்கிறதில்ல" என்றும் சொன்னார். விறகு ஈரம், அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்தது. ஆயினும் அந்தச் சுடுதண்ணி வைத்ததில் அவர் அடைந்த பெருமிதம், மகன் கொண்டுவந்த புடவையில் அடைந்ததைவிட அதிகமென்றே எனக்குத் தோன்றியது.

இவ்வியாதியின் பூர்வ சரித்திரம் கோப்பிக் காலத்தில் தொடங்குகிறது. அக்காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்கள் கழிந்ததும் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே குளிரும் அவர்களுக்குப் பருவத்தோடு வந்து பருவத்தோடு போயிற்று. 1869இல் கோப்பியிலையில் நோய் கண்டது. சில ஆண்டுகளிலே தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாகவேண்டும். போய்வருதல் குறைந்தது, குளிர் நிரந்தரமாயிற்று. தோட்டத்தில் அதற்கென்று கம்பளி கொடுத்தார்கள். அதன் விலையைப் பேரேட்டிற் கடனாக எழுதிக்கொண்டார்கள். கடனாகப் பெற்ற கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் குளிரைப் பற்றிப் பெருமை பேச முடியாது என்பது வெளிப்படை. அந்தத் தலைமுறையாரிடம் மீண்டோர் குளிர் காணப்படாமைக்கு இதுவே ஹேது.

அடுத்த அத்தியாயம் சற்றுச் சிக்கலானது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாகிய தோட்ட மக்களை, 1964 அக்டோபர் 30ஆந் தேதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதிப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று வைத்தார்கள்; அவர்களை 1974இல் இரு அரசாங்கங்களும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்கென்று எழுதப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கரை இறங்கியதும் அரசாங்கம் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். பிறந்தது முதல் ஒருநாளும் பாராத தாயகத்துக்குத் திரும்பிய அவர்கள் மண்டபம் முகாமில் முதன்முதலிற் சொன்னது, "என்னா வெயிலு!" என்பது. சட்டத்தின்படி திரும்பியவனுக்கு வெயிலும், வழக்கத்தின்படி திரும்பியவனுக்குக் குளிரும் உண்டாவதால், சட்டமும் தேகமும் ஒரே முகவரியை ஒப்புக்கொள்வதில்லை என்று தெரிகிறது. இவ்விரண்டனுள் தேகத்தின் சாட்சியத்தையே நான் நம்புகிறேன். அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அவர்களிற் சிலரை நீலகிரிக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய மறுவாழ்வுக்காகவே தமிழ்நாடு அரசாங்கம் 1968 தொட்டுக் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து, மறுபடியும் குளிர். மஸ்கெலியாவுக்கு என்ன குறை என்று அவர்கள் கேட்டிருந்தால் பதில் சொல்லுதல் எந்த அதிகாரிக்கும் கஷ்டமாயிருந்திருக்கும்.

ஊரே இடம் பெயர்ந்தது தனிக் கதை. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா பட்டணம் தண்ணீருக்குள்ளே போயிற்று. இப்பொழுதுள்ள பட்டணம் மேட்டிலே கட்டப்பட்டது. மழை பொய்த்துத் தண்ணீர் வற்றும் வருஷங்களில் பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே வருகின்றன. ஜனங்கள் இறங்கிப் போய்ப் படம் பிடிக்கிறார்கள். திரும்பி வந்தும் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதது அந்தப் பட்டணம் ஒன்றுதான்.

கடைசியாக, சித்தாந்தத்துக்கு முரணான ஒரு சம்பவத்தையும் மறைத்தல் தகாது. கோத்தகிரியிலிருந்து வெகுகாலத்துக்குப் பின் உறவினரைப் பார்க்க வந்திருந்த முதியவர் ஒருவர், இஸ்தோப்பிலே உட்கார்ந்தவுடன், "இதெல்லாம் ஒரு குளிரா? எங்க கோத்தகிரிக்கு வந்து பாருங்க" என்றார். கோத்தகிரி மஸ்கெலியாவைவிட உயரமானது. ஆகையால் அவர் சொன்னது பௌதிகப்படி முற்றிலும் உண்மை. என்றாலும், காம்பராவிலிருந்த ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. ஊரின் குளிரைப் பழித்தவரை ஊரைப் பழித்தவராகவே பார்த்தார்கள். வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டு சக்கரையும் கொண்டுவந்து வைத்த வீட்டுக்காரர், மிகுந்த மரியாதையோடு, "அப்ப அந்த மப்ளரக் கழட்டி வைங்களேன், மச்சான்" என்றார். மச்சான் சக்கரையைக் கடித்துக்கொண்டு, ஹட்டனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.