துரு ஜோசியர்

ஈரி ஏரிக் கரையிலுள்ள கிளீவ்லாந்து, பஃபலோ முதலிய ஊர்களில், நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் வானத்திலிருந்து பனியும் நகரசபை வண்டிகளிலிருந்து உப்பும் மாறி மாறிக் கொட்டுகிற அந்தப் பிரதேசத்தில், பழைய பிக்கப் டிரக் ஒன்று வாங்கலாமென்று ஒருவன் மனத்துக்குள் நினைத்தால் போதும். வாயைத் திறந்து அதை அவன் யாரிடமும் சொல்வதற்கு முன்பே, கையில் ஒரு சிறு சுத்தியலும், சட்டைப் பையில் காந்தத் துண்டும், கக்கத்தில் மடித்த அட்டைப்பெட்டியுமாக ஒரு மனிதர் அவன் வாசலில் ஆவிர்ப்பவித்துவிடுவார். அவரைத்தான் நான் துரு ஜோசியர் என்று சொல்கிறேன்.

வைத்தியருக்கு நாடியும் மாட்டுத் தரகருக்குச் சுழியும் எப்படியோ, அப்படி இவருக்கு வண்டியின் அடிவயிறு. விற்கிறவர், பாவம், இரண்டு நாளாகத் தேய்த்து மெழுகிட்ட சிவப்பு வர்ணத்தையும், தோல் ஆசனத்தையும், குளிர்காலத்துக்கென்றே வாங்கிப் போட்ட புது டயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பார். ஜோசியரோ, அலங்காரத்தைக் கண்டு மயங்குகிற பிராயத்தைத் தாண்டிவிட்ட சந்நியாசியைப்போல அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல், அட்டையைப் பனியின்மேல் விரித்து, பாம்பணையில் பள்ளிகொண்ட அரங்கநாதருடைய நிதானத்தோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து சயனித்துவிடுவார். அதன் பிறகு அவருடைய பூட்ஸ் கால்கள் இரண்டும் சுத்தியலின் ஓசையும்தான் நமக்குப் பிரத்தியட்சம். ‘டங்’ என்று கேட்டால் அங்கே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். ‘தொப்’ என்று கேட்டால் அங்கே இரும்பு இருந்தது என்று அர்த்தம். ‘டங்’கைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ‘தொப்’ என்ற மாத்திரத்தில் அந்தப் பூட்ஸ் கால்கள் இரண்டும் ஆனந்தத்தில் லேசாக ஆடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படுத்தபடியே பிரசங்கமும் நடக்கும். 1938-ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தார் பனி படிந்த சாலையில் பரீட்சார்த்தமாக உப்பைத் தூவிப் பார்த்தார்களே, அன்றைக்குத்தான் இந்தத் தேசத்து வண்டிகளுக்குச் சனி பிடித்தது என்று ஆரம்பிப்பார். பிறகு டெட்ராய்ட்டுக்கு வருவார். அந்த நகரத்துக்குக் கீழே சுமார் 1,200 அடி ஆழத்தில் பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று இருப்பது வாஸ்தவம். மேலே டிரக்கைச் சிருஷ்டி செய்கிற தொழிற்சாலைகள், கீழே அதைச் சம்ஹாரம் செய்கிற உப்பு. பிரம்மாவும் ருத்திரனும் ஒரே வீட்டின் மாடியிலும் நிலவறையிலுமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள் பாருங்கள் என்று அவர் சொல்லும்போது, நாற்பது பாகை உறைபனியிலும் நமக்குப் புல்லரிக்கும். கிளீவ்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி கீழே போய், ஏரிக்கு அடியிலேயே சுமார் 1,800 அடி ஆழத்தில் வெட்டியெடுக்கிறார்கள் என்பதையும் சொந்த ஊர் அபிமானத்தோடு சேர்த்துக்கொள்வார்.

அவருடைய சாஸ்திரத்தில் பொய்யில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் சேசிஸ் சட்டத்தின் துவாரங்கள் வழியே உள்ளே புகுந்து, அங்கே படிந்திருக்கும் சேற்றோடு சேர்ந்து உலராமல் உட்கார்ந்துகொண்டு, இரும்பை உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. ஆகையால் வெளியே கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே கருமாதி முடிந்திருக்கும். ஒருமுறை, விற்கிற கிருஹஸ்தர் ஒருவர், “வண்டியை ஒருநாள்கூடப் பனியில் விட்டதில்லை ஐயா, ராத்திரி தவறாமல் கதகதப்பான கொட்டகையில்தான் நிறுத்தினேன்” என்று பெருமையாகச் சொல்ல, அடியிலிருந்து, “ஐயோ!” என்று ஒரு சத்தம் கேட்டது. கடுங்குளிரில் துருவின் வேலை மந்தமாக நடக்கும்; உப்பு ஈரத்தோடு வந்த வண்டியை ராத்திரிதோறும் சூட்டில் நிறுத்தினால், தூங்குகிற துருவைத் தட்டி எழுப்பிச் சாப்பாடு போட்டது மாதிரி. அந்தக் கிருஹஸ்தர் பிறகு எதையும் புகழவில்லை.

அடியில் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால், கல்யாணத்துக்கு முதல் நாள் தலைக்குச் சாயமேற்றிக்கொண்ட கிழவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பின்சக்கரத்துக்கு மேலே காந்தம் ஒட்டாமல் விழுந்தால், பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முன்பக்கச் சட்டத்தில் வேண்டாத துளைகள் இருந்தால், பனி தள்ளும் கலப்பையைப் பூட்டி உழைத்த வண்டி அது. “கோயிலுக்குப் போகத்தான் எடுப்போம்” என்ற கதை அங்கே செல்லாது.

ஆனால் எந்த ஜோசியருக்கும் ஒரு சறுக்கல் உண்டல்லவா? 2007-ல் எதிர்வீட்டுக்காரர் தம்முடைய பழைய டொயோட்டா டகோமாவைக் காட்ட, இவர் சட்டத்தில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டையைக் கண்டுபிடித்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னார். அவரும் தள்ளினார். மறு வருஷமே, 1995 முதல் 2000 வரையில் செய்த டகோமாக்களின் சட்டத்துக்கு உத்தரவாதத்தைப் பதினைந்து வருஷமாக நீட்டி, துருவால் துளைபட்டவற்றைச் சந்தை மதிப்பில் ஒன்றரை மடங்கு கொடுத்துக் கம்பெனியாரே திரும்ப வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஓட்டை இருந்தவன் பாக்கியசாலி ஆனான். ஓட்டையை விற்றவன் இன்றுவரை ஜோசியரைக் கண்டால் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறான்.

அரிஸோனாவிலிருந்து வந்த வண்டி ஒன்றையும் அவரோடு போய்ப் பார்த்தேன். பதினைந்து வயதாகியும் திருகாணிகள்கூடப் புதிதாக மின்னின. இருபது ‘டங்’ கேட்டேன். ஒரு ‘தொப்’ இல்லை. எழுந்து வந்தவர் முகத்தில், சாவு வீட்டுக்கு வந்தவர் பிணம் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தாற்போல ஒரு வாட்டம். கடைசியில், வெயிலில் முன்பலகை வெடித்திருப்பதையும் டயர்களின் பக்கவாட்டில் கீறல் விட்டிருப்பதையும் கண்டபின்தான் அவருக்கு உயிர் வந்தது. விலையைக் கேட்டபின் என் உயிர் போனதால், அதை நான் வாங்கவில்லை.

அவருடைய சொந்த வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவுக்குக் கீழ்ப்பட்டை என்று ஒன்று அதற்கு இல்லை. பக்கத்து ஆசனத்துக்கு எதிரே தரையாக இருப்பது ரொட்டி சுடுகிற தகரத் தட்டு. வழுக்காமலிருப்பதற்காகப் பின்பெட்டியில் வைத்த மணல் மூட்டைகளை, பெட்டியின் தளம் தாங்காதென்று அவரே போன வருஷம் இறக்கிவிட்டார். ஏன் ஐயா இப்படி என்று கேட்டால், “இதன் ஜாதகம் எனக்கு மனப்பாடம். தெரியாத வண்டியில்தான் பயம்” என்பார்.

நான் வண்டி தேடிய குளிர்காலம் முழுவதும் அவர் பதினொரு வண்டிகளை வேண்டாமென்று தள்ளிய பிறகு, பன்னிரண்டாவதை, அவர் ஜலதோஷத்தில் படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், நானே போய் வாங்கி வந்துவிட்டேன். செவ்வாயன்று எழுந்து வந்து பார்த்தவர், “மூன்று குளிர்காலம், அதற்குமேல் தாங்காது” என்று ஆயுளைக் கணித்துச் சொன்னார். இது ஐந்தாவது குளிர்காலம். போன சனிக்கிழமை அட்டையை விரித்து மறுபடியும் அடியில் போய்ப் படுத்து, வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, “இன்னும் மூன்று” என்றார்.