கடைசிச் சொட்டியல்: தமிழ் அடுக்களையில் ஒரு முன்னாய்வு

பால் பாக்கெட் எப்போது காலியாகிறது என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. பால் பாத்திரத்தில் விழுந்து நின்றதும் காலி என்பது இளையோர் கொள்கை. தலைகீழாகப் பிடித்து, இரண்டு விரலிடுக்கில் கொடுத்து மேலிருந்து கீழாக வழித்த பிறகே காலி என்பர் நடுவயதினர். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, வெட்டிய மூலையைக் கட்டைவிரலால் பொத்திக் குலுக்கி, அந்த வெளுத்த நீரையும் பாத்திரத்தில் சேர்த்தால்தான் காலி என்பது மூத்தோர் துணிபு. இம்மூன்றாம் பள்ளியினருள் ஒருமுறை குலுக்குவோர், இருமுறை குலுக்குவோர் என உட்பிரிவும் உண்டு. இரண்டாம் குலுக்கல் நீர் காபிக்கு ஆகாது, கறிவேப்பிலைச் செடிக்கே உரியது என்பதில் மட்டும் இரு பிரிவினரும் உடன்படுகின்றனர்.

இத்தகைய சேமிப்பு முறைகளைத் தொகுத்து, அவற்றுக்குப் பொதுவான விதி ஒன்று உண்டா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கள ஆய்வு நடந்தது சென்னையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில். முதன்மைத் தகவலாளி என் அத்தை. தாம் ஆய்வுக்கு உட்படுத்தப்படுவதை அவர் அறியார். அறிந்திருந்தால், நோட்டுப் புத்தகத்தில் பின்பக்கத்தையும் விடாமல் எழுதச் சொல்லியிருப்பார்.

முதலில் பாலை முடித்துவிடுவோம். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. கொழுப்பு கூடக்கூடக் குலுக்கலும் கூடுவதை நேரில் கண்டேன். நீலத்துக்கு ஒன்று, ஆரஞ்சுக்கு இரண்டு. அரை லிட்டர் 20 ரூபாய் எனக் கொண்டு, உள்ளே ஒட்டியிருப்பது 2 மில்லி என வைத்தால், மீட்கப்படும் பாலின் மதிப்பு 8 பைசா. இந்த நாட்டில் 25 பைசா நாணயமே 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போய்விட்டது. ஆகவே அத்தை தினமும் சேமிப்பது, நாணயமாகக் கையில் வாங்க முடியாத ஒரு தொகை. அதைக் குலுக்கி எடுக்கக் கேன் தண்ணீர் செலவாகிறது. 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் 100 மில்லி 20 பைசா. 8 பைசாவை மீட்க 20 பைசா என்று இதை நட்டக் கணக்கில் எழுதத் துணிந்தேன். ஆனால் அந்தத் தண்ணீரும் பாத்திரத்தில் விழுந்த கணமே பாலின் விலைக்கு உயர்ந்துவிடுகிறது என்பதைக் கணக்கில் கொண்டால் குடும்பத்துக்கு லாபமே. ஒவ்வொரு பால்காரரும் அறிந்த இந்த உண்மையைப் பொருளியலார் கவனிக்கவில்லை.

காலியான கவரின் வாழ்வு இத்துடன் முடிவதில்லை. கழுவிய ஈரத்தோடு அதைத் தொட்டிக்கு மேலுள்ள டைல்ஸ் சுவரில் பட்டென்று அறைந்து ஒட்டுவார் அத்தை. பிற்பகலில் காய்ந்ததும் அது தானே கழன்று விழும். விழுந்தால் காய்ந்தது என்று பொருள். வேறு கருவி தேவையில்லை. பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிப்பைக்குள் போய், கிலோக்கணக்கு சேரும்வரை பழைய பேப்பர்க்காரருக்காகக் காத்திருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோது பால் கவருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காரணம் பலவாகச் சொல்லப்பட்டது. அதை ஒருமுறை பயன்படுத்தும் பொருள் என்று அத்தையிடம் சொல்ல எவருக்கும் துணிவு வராது என்பது என் ஊகம்.

சோப்பின் கதை இன்னும் நுட்பமானது. பழைய சோப்பு வெற்றிலைக் கனத்துக்குத் தேய்ந்ததும் அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுகிறார்கள். இரண்டும் நனைந்திருக்க வேண்டும். இரவு முழுவதும் தொடாமல் வைக்க வேண்டும். புதுச் சோப்பில் பெயர் பொறித்த குழிவான பக்கமாகப் பார்த்து ஒட்ட வேண்டும். சமதளத்தில் ஒட்டியது முதல் குளியலிலேயே வழுக்கிச் சாக்கடைக்குப் போகும். வீட்டில் பிராண்டு மாறும் மாதங்களில் ஹமாமின் பச்சை முதுகில் லைஃப்பாயின் சிவப்பு ஏறி உட்காருவதுண்டு. அன்று குளித்து வருபவருக்கு எந்த மணம் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. பற்பசைக் குழாயைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டுதல், ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்குதல் ஆகியவை இதன் கிளைகளே, தனியே விரிக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்த்தபோது புலப்பட்ட விதி இது: மிச்சத்தின் மேல் செலுத்தப்படும் உழைப்பு அதன் விலையைப் பொறுத்ததன்று, அது கண்ணில் படுகிறதா என்பதைப் பொறுத்தது. வெள்ளையாக ஒட்டியிருக்கும் 8 பைசா அத்தையைத் தூங்கவிடாது. கண்ணுக்குத் தெரியாத எட்டு ரூபாய் போன வழியே போகலாம்.

இதற்கான வலுவான சான்று குக்கர் விசில். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் நீரின் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து சுமார் 120 டிகிரிக்கு உயர்கிறது. பருப்பு சீக்கிரம் வேகிறது. வெயிட் தூக்கிய பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே சூடு கூடாது. கூடுதல் தீ முழுவதும் ஆவியாகி வெளியே சீறும். அதாவது விசில் என்பது 14.2 கிலோ சிலிண்டர் சிறுகச் சிறுக ஜன்னல் வழியே வெளியேறும் ஓசை. நாமோ அதை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம். நாலாவது வந்தால் திருப்தி அடைகிறோம். ஊறவை, மூடிவை, கொதித்ததும் சிம்மில் வை என்று, 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் ஊருக்கெல்லாம் சொல்லிவருகிறது. முதல் விசிலோடு சிம்மில் வைத்துவிட்டால் மறு விசிலே இல்லாமல் வேகும் என்று நானும் அத்தையிடம் விளக்கினேன்.

“விசில் வராம எத்தனை ஆச்சுன்னு எப்படிடா எண்றது?” என்றார். இக்கேள்விக்கு அறிவியலிடம் பதில் இல்லை.

மின்சாரத்தில் இதே விதியை நிறுவுபவர் மாமா. யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு உடல் பதறும். அது 9 வாட் எல்இடி. ஒரு யூனிட் தீர்க்க அதற்கு 111 மணி நேரம் வேண்டும். அதை அணைத்துவிட்டு வந்து அவர் அமரும் அறையில் ஏசி ஓடுகிறது. நம்மூர்க் கட்டண முறையில் உண்மையான கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணப்படி, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையான யூனிட் ஒவ்வொன்றும் 2 ரூபாய் 25 பைசாவாக இருந்தது. 500-ஐத் தாண்டினால் அதே யூனிட் ஒவ்வொன்றும் 4 ரூபாய் 50 பைசா ஆனது. ஆகவே அந்தக் கட்டணத்தில் 501-ஆவது யூனிட்டின் விலை தன் பங்கு 8 ரூபாயோடு சேர்ந்து 233 ரூபாயாக இருந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் நுழையும் பொருள்களில் இதற்கு இணையான விலையேற்றம் வேறொன்றும் நான் அறியேன். ஆனால் மீட்டர் இருப்பது கீழே படிக்கட்டுக்கு அடியில், பூட்டிய கம்பிக் கதவுக்குள். கண்ணில் படுவது விளக்கு மட்டுமே.

விதிக்கு விலக்கு உண்டா? உண்டு, தக்காளி. 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்த நாள் முதல், விடியற்காலையில் போய்ப் பெட்டியோடு வாங்கிவந்து நாலு வீடு பங்கு பிரித்துக்கொள்வது நகரத்துச் சிக்கனத்தின் உச்சமாகக் கருதப்படுகிறது. பங்கு போக மிஞ்சியது மூன்றாம் நாள் இளகத் தொடங்கும். அழுகலோ பளிச்சென்று கண்ணில் படுகிறது. விதிப்படி உழைப்பும் பாய்கிறது. தொக்கு போடுகிறார்கள். கிலோ பத்துப் பதினைந்து ரூபாய்த் தக்காளியைக் காப்பாற்ற, லிட்டர் முந்நூறுக்குக் குறையாத நல்லெண்ணெய் இறங்குகிறது. கரண்டியை எடுத்தால் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அதுவரை அடுப்பு எரிய வேண்டும். இங்கே செலவும் கண்ணெதிரேதான் நடக்கிறது, ஒருவரும் அசைவதில்லை. தொக்கு நன்றாக இருந்தது என்பதைத் தவிர இதற்கு விளக்கம் தர இயலவில்லை.

காய்கறிக் கடையில் முந்நூறு ரூபாய்க்கு வாய் திறக்காமல் வாங்கிவிட்டு, கொசுறுக் கறிவேப்பிலைக்காகக் கடைக்காரரோடு நெடுநேரம் வாதாடுவது பலர் அறிந்ததே. சூப்பர் மார்க்கெட்டில் அதே கறிவேப்பிலை பார்கோடு ஒட்டி விலைக்கு வந்தபின் அந்தக் கலை அங்கே பயிலப்படுவதில்லை.

இறுதியாகப் பிரியாணி டப்பா. டெலிவரிக் கட்டணம், பேக்கிங் கட்டணம் எல்லாம் கொடுத்து வரவழைத்த பிரியாணியைவிட, அது வந்த கறுப்பு டப்பா வீட்டில் நீண்ட நாள் வாழ்கிறது. அத்தையின் மேல் பரணில் இவை அளவுவாரியாக ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஊறுகாய், அரைத்த தேங்காய், சில்லறைக் காசு என இவற்றின் பிற்கால வாழ்வை முறையாக ஆராய வேண்டியிருப்பதால், மாதிரிக்கு ஒன்று எடுத்துப்போக அனுமதி கேட்டேன்.

அத்தை சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: “மூடி இல்லாததுல ஒண்ணு எடுத்துக்கோ. மூடி இருக்கறதைத் தொடாத. அந்த மூடி இல்லாததையும் திருப்பிக் கொண்டுவா.”