94 டிகிரியில் பிரியாணி

குன்னூரில் நாங்கள் லுத்தரன் சபை என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் திடீரென்று ஒரு மரியாதை வரும். ஏதோ பெரிய கான்வென்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சி.எஸ்.ஐ. எல்லோருக்கும் தெரியும். கத்தோலிக்கர்களைத் தெரியும். பெந்தெகொஸ்தேகாரர்களைத் தெரியாமல் இருக்க ஸ்பீக்கர் விடாது. எங்களைத்தான் ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது. என் மாமியார் அந்தச் சள்ளையே வைத்துக்கொள்வதில்லை. "அறுப்பின் பண்டிகைக்கு வாங்களேன், தெரிஞ்சுக்கலாம்" என்று சொல்லிவிடுவார். வந்தவர்களுக்கு விசுவாசத்தினாலே நீதிமானாவது பிடிபட்டதோ இல்லையோ, கத்தரிக்காய்த் தொக்கு பிடித்துப்போனது.

நான் பொறையாறு பக்கத்துப் பெண். 1706 ஜூலை 9ஆம் தேதி லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுச்சோவும் வந்து இறங்கிய தரங்கம்பாடி, எங்களுக்குச் சாயங்காலம் சுண்டல் தின்னப் போகும் கடற்கரை. அங்கே லுத்தரன் என்றால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். கல்யாணமாகி மலையேறிய பிறகுதான் நான் அபூர்வப் பிராணி ஆனேன். இத்தனைக்கும் ஜெர்மன் மிஷனரிகள் இந்த மலைக்குப் புதிதில்லை. கேத்தியில் வந்து தங்கிய காசமேஜர் என்ற ரிட்டயர்டு துரை, தம் சொத்தை பாசல் மிஷனுக்கு எழுதிவைத்தார். 1840களிலேயே அவர்கள் அங்கே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மெட்ஸ் என்பவர் ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராக, நடந்து பிரசங்கம் பண்ணினார். முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். பத்து வருஷத்துக்கு மேல் நடையாய் நடந்து, ஒருவர்! பாசல் மிஷனில் லுத்தரன்களும் இருந்தார்கள், சீர்திருத்தச் சபையாரும் இருந்தார்கள். அவர்கள் விதைத்தது இப்போது சி.எஸ்.ஐ. கணக்கில் நிற்கிறது. எங்கள் சபையில் தலை எண்ணிக்கை குறைவு என்று யாராவது முணுமுணுத்தால் நான் மெட்ஸை நினைத்துக்கொள்வேன். பிறகு, பண்டிகைக்கு எத்தனை கிலோ அரிசி என்று கணக்குப் போடப் போய்விடுவேன். சாப்பாட்டுக் கமிட்டியில் இருப்பவளுக்கு அதுதான் சபைப் பதிவேடு.

லுத்தர் என்றதும் எல்லோரும் 1517, ஆணி, சுத்தியல் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அவர் வீட்டம்மாவைத்தான் பிடிக்கும். கன்னியர் மடத்திலிருந்து தப்பி வந்து 1525இல் லுத்தரைக் கட்டிக்கொண்ட கத்தரீனா ஃபான் போரா. விட்டன்பர்க்கில் காலியாய்க் கிடந்த பழைய மடம்தான் வீடு. ஆறு பிள்ளைகள், உறவுக்காரப் பிள்ளைகள், தங்கிப் படிக்கும் மாணவர்கள், சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிகள். தோட்டம் போட்டு, மாடும் பன்றியும் வளர்த்து, பீர் காய்ச்சி, அத்தனை பேருக்கும் அந்த அம்மாள் வடித்துக் கொட்டினாள். லுத்தர் தின்றுகொண்டே பேசப் பேச மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அது 'மேசைப் பேச்சு' என்று புத்தகமாகவும் வந்துவிட்டது. பரிமாறியவள் பேச்சு அதில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். சீர்திருத்த ஞாயிறு அன்று எங்கள் போதகரான ஐயர் லுத்தரைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணும்போது, பின்கட்டில் வெங்காயம் உரிக்கிற நாங்கள் கத்தரீனாவைப் பற்றிப் பேசிக்கொள்வோம். எங்களையும் யாரும் குறிப்பெடுப்பதில்லை. எடுக்காததே நல்லது.

அறுப்பின் பண்டிகைக்கு வருகிறேன். விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைப்பது என்பது ஏற்பாடு. எங்கள் சபையில் விளைவிக்கிறவர் ஒருவரும் இல்லை. பேங்க், பள்ளிக்கூடம், எஸ்டேட் ஆபீஸ், அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, இவைதான் எங்கள் வயல். வெடிமருந்தை அறுத்துப் பீடத்தில் வைக்க முடியாது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மார்க்கெட்டில் சந்தித்துக்கொள்கிறோம். ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தபோது மலையில் போட்டுப் பார்த்த இங்கிலீஷ் காய்கள்தான் இன்றைக்கும் எங்கள் காணிக்கை: கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், நூல்கோல். பேரம் பேசி அஞ்சு ரூபாய் குறைத்து வாங்கி, ஞாயிறு காலையில் பீடத்தைச் சுற்றி அடுக்கி, ஆராதனை முடிந்ததும் அதே கேரட்டை நூறு ரூபாய் கூட்டிக் கேட்டு ஏலத்தில் எடுக்கிறோம். தான் கொடுத்த பூசணியைத் தானே எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. வேறு யாராவது எடுத்துவிட்டால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

இதில் வேடிக்கை மேரக்காய். எங்கள் எல்லோர் வீட்டு வேலியிலும் கேட்பாரில்லாமல் காய்த்துத் தொங்குகிற காய் அது. உண்மையிலேயே எங்கள் மண்ணில் விளைந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் ஏலத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள். ஏலம் விடுகிற ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், வாராக்கடன் வசூலித்த குரலில், "மேரக்காய் ஒரு மூட்டை... ஒரு தரம்..." என்பார். சபையே கூரையைப் பார்க்கும். கடைசியில் அது சாம்பாருக்கு வரும். ஒரு வருஷம் யாரோ காலைக் கட்டிக் கொண்டுவந்து வைத்த சேவல், பொருளாளர் வரவுசெலவு வாசிக்கும்போது மூன்றாம் தரம் கூவியது. அவர் வாசிப்பதை நிறுத்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்த பேதுருவை நினைத்துக்கொண்டதை அவரும் கவனித்தார். அந்தச் சேவல் நல்ல விலைக்குப் போனது. எடுத்தவர் பொருளாளர்.

இந்த ஒழுங்கெல்லாம் ஒரு வருஷம் போதவில்லை. வாலிபர் சங்கத்துக்குச் சாம்பார் அலுத்துவிட்டது. ஆம்பூர் பிரியாணி வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், ஆம்பூரும் லுத்தரன் ஊர்தானே என்பது. உண்மைதான். அமெரிக்காவின் மிசூரி சினாடு அனுப்பிய நேத்தர் 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய வேலை ஆம்பூர் வரை பரவி, இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையாக நிற்கிறது. நாங்கள் 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. பங்காளிகள். உபதேச நுணுக்கங்களில் அவர்களும் நாங்களும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்போம். பிரியாணித் தேக்சா பக்கத்தில் அந்தத் தூரம் கிடையாது.

பிரியாணி மாஸ்டர், சீரகச் சம்பா அரிசி, தேக்சா, இரண்டு எடுபிடிகள் சகிதம் முந்தின ராத்திரியே வந்து இறங்கினார். மப்ளரைச் சுற்றிக்கொண்டு மலையை ஒரு பார்வை பார்த்தார். விறகாகக் கிடைத்தது சீகை மரமும் கற்பூர மரமும். பனியில் நனைந்த கற்பூரக் கட்டை எரிந்தால் அடுப்படி முழுக்கத் தைல வாசனை. சளி பிடித்தவர்கள் வந்து நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார்கள். மணி பத்தரை ஆயிற்று. மாஸ்டர் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். நசுங்கவில்லை.

"அரிசி பழசா இருக்கும்க்கா."

"நீங்க கொண்டுவந்ததுதானே மாஸ்டர்?"

"அப்ப தண்ணி சரியில்ல."

இந்த இடத்தில்தான் எங்கள் ஃபிசிக்ஸ் சார் வந்து சேர்ந்தார். ரிட்டயர் ஆகி வருஷங்கள் ஆகியும் வகுப்பு கிடைக்காத ஏக்கம் தீராதவர். குன்னூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1850 மீட்டர். மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். ஆகவே இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. ஊட்டியில் இன்னும் மோசம். இத்தனையும் ஒரு கரித்துண்டால் சுவரில் எழுதிக் காட்டினார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், நான் வாணியம்பாடியில ஐநூறு பேருக்கு ஆக்கிப் போட்டவன்."

"வாணியம்பாடி உயரம் என்ன தெரியுமா உமக்கு?"

"அங்க தண்ணி நல்லாத்தான் கொதிக்கும் சார்."

"இங்கேயும் கொதிக்குதே! சூடு இல்லாம கொதிக்குது!"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இந்தச் சபையைப் பற்றிய ஒரு முடிவு இருந்தது.

வெந்து முடிய இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று தெரிந்ததும் ஐயருக்கு ஆள் அனுப்பினோம். இந்த மாதிரி நேரத்தில்தான் லுத்தரன் பாரம்பரியத்தின் அருமை தெரியும். எங்கள் ஞானப்பாட்டுகள் பாதிக்கு மேல் ஜெர்மன் வழி வந்தவை. ஃபப்ரீஷியஸ் ஐயர் 18ஆம் நூற்றாண்டிலேயே உட்கார்ந்து தமிழாக்கம் செய்தவையும் அவற்றில் உண்டு. பவுல் கெர்ஹார்ட் பாட்டெழுத உட்கார்ந்தால் பத்து சரணத்துக்குக் குறைந்து சில சமயம் எழுந்திருக்கவே மாட்டார். மற்ற ஞாயிறுகளில் நாங்கள் முதல், இரண்டு, கடைசி என்று முடித்துக்கொள்வது வழக்கம். அன்று ஐயர் சாந்தமாக, "எல்லாச் சரணங்களையும் பாடுவோம்" என்றார். ஆர்கன் வாசிக்கிற பெண் திகைத்துப்போனாள். பெரியவர்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, பழைய நாள் திரும்பியதென்று. பின்கட்டில் எஸ்டேட் கேன்டீனில் சமைத்துப் பழகிய அக்கா ஒருத்தி, பேசாமல் தேக்சா மூடியின் விளிம்பைச் சுற்றி மைதாமாவை ஒட்டி, மேலே இரண்டு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். ஆவி வெளியே போகாமல் அழுத்தம் கூடியது. ஒன்பதாம் சரணத்தில் பிரியாணி வெந்தது. ஃபிசிக்ஸ் சார், அந்த அக்காவுக்குத் தன் வகுப்பில் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன் என்றார். அவள் எட்டாவதோடு நின்றவள்.

பிறகு பந்தி. நீள பெஞ்சு, மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வாழை இலை. பந்தியில் உட்காருவது எங்களுக்குச் சாதாரண விஷயமாகிவிட்டது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவ சரித்திரத்தில் இதைப்போல அடிதடி நடந்த விஷயம் குறைவு. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, யார் சமைத்தாலும் தயங்காமல் சாப்பிடுகிறவன்தான் சாதியை விட்டவன் என்று தீர்மானித்தது. லைப்சிக் மிஷன், அதாவது எங்கள் முன்னோர், அதில் சேரவில்லை. அதன் தலைவர் கார்ல் கிரவுல் இந்தியா வந்து பார்த்துவிட்டு, இது சமூக வழக்கம், மெல்ல மெல்லப் போகும் என்றார். அந்தத் தாராளத்தைக் கண்டு மற்ற மிஷன்களிலிருந்து சாதி விடாதவர்கள் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். லுத்தரன்கள் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மெல்ல மெல்ல என்பது எவ்வளவு மெல்ல என்று கிரவுல் சொல்லாமலே போய்விட்டார். இன்று எங்கள் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. யார் இலையில் எத்தனை துண்டு என்றுதான் பார்க்கிறார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது என்ன பார்க்கிறார்கள் என்று எழுதினால், அடுத்த பண்டிகையில் என் இலைக்கு எலும்புதான் வரும்.

பண்டிகைதான் இப்படி; மற்ற ஞாயிறுகளில் எங்கள் ஊழியம் கைப்பிடி அரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு, மாதர் சங்கத்தில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். தமிழ்நாட்டுச் சபைகளில் பழைய பழக்கம். கேட்க அழகாயிருக்கும். சாக்கைப் பிரித்தால் ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி, பாஸ்மதி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒன்று குழைந்தால் ஒன்று விறைக்கும். 94 டிகிரி வேறு. ஆகவே பருப்பையும் மேரக்காயையும் போட்டுக் கூட்டாஞ்சோறாக்கி, தூக்குவாளிகளில் ஊற்றி, பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் கொண்டுபோவோம். பிளாஸ்டிக் கவர் மலையில் கூடாது. அதனால் போன வாரத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டுதான் இந்த வாரத்தைக் கொடுக்க முடியும். அப்படி வாங்கும்போதுதான் விமர்சனம் கிடைக்கும்.

எங்கள் தலையாய விமர்சகர், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி கண்டியிலிருந்து வந்த பாட்டி. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். நாக்கு மட்டும் அக்கரையிலேயே இருக்கிறது.

"ஏம்மா, போன வாரம் உப்பு போட்டது யாரு?"

"ஏன் பாட்டி?"

"போடலையேன்னு கேட்டேன்."

எண்ணெய் ஜாஸ்தி என்பார். தேங்காய்ச் சம்பல் இல்லாமல் இதையெல்லாம் யார் தின்பது என்பார். ஒரு நாள் உச்சகட்டமாக, "அந்தப் பெந்தெகொஸ்தே பிள்ளைங்க முட்டை வச்சுக் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சாயங்காலமே அவசரக் கமிட்டி. இரட்சிப்பைப் பற்றிய கருத்து வேறுபாட்டைக்கூடத் தாங்கிக்கொள்வோம். முட்டையில் தோற்க முடியாது. ஆளுக்கொரு முட்டை என்று ஏகமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமை ராத்திரி முட்டை அட்டையையும் புது எண்ணெய் டின்னையும் பின்கட்டில் வைத்துப் பூட்டினோம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடிகளுக்குக் கோயில் விளக்கு எண்ணெய் என்றால் உயிர் என்று பேப்பரில் படித்திருக்கிறோம். ஆலயத்தில் விளக்கு ஏற்றுவதில்லையே என்ற தைரியம். விடிந்து பார்த்தால் பின்கட்டுக் கதவு பெயர்ந்து கிடக்கிறது. டின் கவிழ்ந்து, நக்கித் துடைத்தாற்போல் பளபளக்கிறது. முட்டை அத்தனையும் போயிற்று. மேரக்காய்க் கூடை மட்டும் அசையாமல் இருந்தது, கரடியும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நேரத்தில் எண்ணெய்க்கு எங்கே போவது? டின்னின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தாளிப்பதா என்று ஒரு விவாதம் நடந்து, வேண்டாம் என்று முடிவாகி, ஒருவர் வீட்டிலிருந்து வந்த ரெண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகைப் பொரித்துக் கொட்டி, அடிவயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு லைனுக்குப் போனோம்.

பாட்டி மூடியைத் திறந்தார். முகர்ந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நான் தூக்குவாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடத் தயாராக நின்றேன்.

"எண்ணெய் இப்பத்தான் அளவா இருக்கு" என்றார். "இந்த வாரம் யாரு புதுசா வந்தது?"