ஓடுகிற மிஷின் யாருக்கு வேணும்?

கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் இவரைப் பார்க்கலாம். அறுபதைத் தாண்டியவர். மில்லிலோ மின்வாரியத்திலோ வங்கியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் 40 சென்ட் தோட்டம், அதில் 28 தென்னை, தென்னைக்கு நடுவே ஒரு தகர ஷெட். ஷெட்டுக்குள் தார்ப்பாய் போர்த்தி ஒரு பழைய பவர் டில்லர் நிற்கும். அது ஓடாது. ஓடுகிற மிஷினாக இருந்திருந்தால் அவர் வாங்கியிருக்கவே மாட்டார்.

நம்மவர் என்றே அவரைச் சொல்லிக்கொள்வோம். 40 சென்ட்டை உழ டிராக்டருக்கு அரை மணி நேரம் போதும். வேளாண்மைப் பொறியியல் துறையே மணிக்கணக்கில் டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. சொந்த மிஷின்தான் வேண்டும் என்றால், வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு பவர் டில்லர் வாங்க மானியம் உண்டு. இதெல்லாம் நம்மவருக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் பாதிப் பேருக்கு மானிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான்.

"அப்புறம் நீங்க ஏனுங்க மாமா வாங்கலை?" என்று கேட்டேன்.

"மானியத்துல புது மிஷினையல்ல கண்ணு குடுக்கறாங்க! அதைக் கழட்டுனா வாரண்டி போயிருமே" என்றார்.

அவர் பழைய மிஷின் வாங்கப் போகும் அழகே தனி. விற்கிறவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் வசனம் மாறாது: "டாக்டர் தோட்டத்து வண்டிங்க. ஒரே கை ஓட்டுனது." கொங்கு நாட்டில் விலைக்கு வரும் பழைய மிஷின்களை வைத்துக் கணக்குப் போட்டால், இங்கே டாக்டர்கள் வைத்தியம் பார்த்ததைவிட உழுததுதான் அதிகம். நம்மவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நேரே போய் ஆயில் குச்சியை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மோந்து பார்ப்பார். எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பார். அதன் வழியே புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மற்றவர்கள் இந்த இடத்தில் முகத்தைச் சுளித்து விலையில் பத்தாயிரத்தைக் குறைப்பார்கள். நம்மவர் முகமோ மலரும்.

"ரிங்கு போயிருக்குங்களே!"

விற்கிறவர் திருதிருவென்று விழிப்பார். நம்மவர் குனிந்து அடியில் பார்ப்பார். "ஆகா, கியர்பாக்ஸ்ல ஆயில் சீலும் கசியுது!" இரண்டு நிமிடத்தில் விற்கிறவருக்கு ஆள் யார் என்று புரிந்துவிடும். அதுவரை மறைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். "கிளட்ச்சும் சறுக்குதுங்க. நாசில்கூட சரியா அடிக்கறதில்லைங்க." கடைசியில், "இவ்வளவு வேலை இருக்கற மிஷின் இந்த விலைக்கு உங்களுக்கு எங்கீங்க கெடைக்கும்?" என்று ஒரு போடு போடுவார். அதற்குமேல் பேரத்துக்கு இடம் ஏது?

சாயங்காலம் குட்டி யானை வண்டியில் மிஷின் வந்து இறங்கும். ஏறக்குறைய 400 கிலோ. பலகையில் வழுக்கி இறங்கும்போது தெருவில் இருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் கை கொடுப்பார்கள், ஆளுக்கொரு யோசனையும் கொடுப்பார்கள். பெங்களூர் வி.எஸ்.டி.யா, கேரளத்துக் காம்கோவா என்று டீக்கடையில் இரண்டு கட்சி பிரியும். முன்னது 1967-ல் தொடங்கியது, மிட்சுபிஷியின் நுட்பம்; பின்னது 1973-ல் அத்தாணியில் கேரள அரசு தொடங்கியது, குபோட்டாவின் நுட்பம். நம்மவரைக் கேட்டால் இன்னும் பின்னால் போவார். 1912-ல் ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்ற ஊரில் ஹோவர்டு என்ற பையன் அப்பாவின் பண்ணையில் சுழலும் கத்தியை வைத்து உழுது பார்த்ததிலிருந்து ஆரம்பிப்பார். டீ ஆறிவிடும்.

வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று மிஷினை ஒருமுறை பார்ப்பார், அவரை ஒருமுறை பார்ப்பார்.

"ஏனுங்க, போன வருசம் வாங்குன மோட்டார் என்னாச்சுங்க?"

"அதுக்கு ஒரு சாமான் வரோணும் அம்மிணி."

மறுநாளே இட்லிக் குண்டாவில் டீசலை ஊற்றி அதில் பிஸ்டன் ஊறும். சீர்வரிசைத் தாம்பாளத்தில் வால்வும் ஸ்பிரிங்கும் வரிசையாக இருக்கும். பழைய வேட்டி கிழிந்து துடைக்கும் துணியாகும். அது தீர்ந்ததும் பழசாகாத வேட்டியும் அதே வழியில் போகும்.

சின்னச் சின்ன பாகங்களைத் தேடுவதில்தான் நம்மவரின் உயிரே இருக்கிறது. முதலில் உக்கடம். பழைய இரும்புக் கடைகளில் அவரைத் தெரியாதவர் இல்லை. கடைக்காரர் உள்ளே போய்த் தேடும் சிரமமே இல்லாமல் அவரே குவியலில் இறங்கிவிடுவார். அங்கே கிடைக்கவில்லை என்றால் சென்னை புதுப்பேட்டை. அங்கே போக ஒரு காரணம் வேண்டும், அதற்காகவே சொந்தக்காரர்கள் சென்னையில் கல்யாணம் வைக்கிறார்கள். முகூர்த்தம் முடிந்த கையோடு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோ ஏறிவிடுவார். கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்திலும் மாமா இருக்க மாட்டார். ஊர் திரும்பும்போது பையில் தாம்பூலத்தோடு ஓர் ஆயில் சீலும் இருக்கும்.

உக்கடத்திலும் புதுப்பேட்டையிலும் இல்லாததைக் கணபதியில் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்குவார்.

"அண்ணா, இது புதுசே முந்நூறு ரூபாதானுங்க. கடைஞ்சா எண்ணூறு ஆயிருமுங்க" என்று பட்டறைக்காரர் நியாயமாகத்தான் சொல்வார்.

"ஜி.டி. நாயுடு இப்படிக் கணக்குப் பார்த்திருந்தா கோயம்புத்தூர்ல மோட்டார் வந்திருக்குமா தம்பி?"

பட்டறைக்காரருக்கு இதற்கு மேல் பேச வழியில்லை. கோவையில் 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து ஜி.டி. நாயுடு உருவாக்கிய மின்மோட்டாரைத்தான் நாட்டின் முதல் மோட்டார் என்கிறார்கள். இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியவர் அவர் என்பதும் இந்த ஊருக்கே பாடம். பிரித்துப் போடுகிற பகுதியில் நம்மவர் நாயுடுவின் நேர் வாரிசு.

இடையிடையே எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பார். அப்போது புகையைப் பார்த்து ஜோசியர்போலப் பலன் சொல்வார். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை, குளிர்ந்த எஞ்சினில் கொஞ்ச நேரம் வந்தால் தோஷமில்லை. நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது, ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். அவர் மிஷினில் மூன்று நிறமும் வரும். "மூணும் வருதுன்னா எஞ்சின் உசுரோட இருக்குன்னு அர்த்தம்" என்பார்.

ஒரு நாள் எல்லாம் பூட்டி முடியும். கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்ய மாப்பிள்ளையைக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுப் பாடம் நடத்துவார். முதலில் அழுத்தத்தைத் திறந்துவிடும் லீவரைத் தூக்கு, வேகமாகச் சுற்று, வேகம் பிடித்ததும் லீவரை விடு, கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை, எஞ்சின் திருப்பி அடித்தால் கைப்பிடி தானாக நழுவிவிடும், கட்டை விரலைச் சுற்றிப் பிடித்தால் மணிக்கட்டு போச்சு. இவ்வளவும் கேட்ட மாப்பிள்ளை இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிடுவார். நம்மவரே சுற்றுவார். டப்... டப்... டபடபடப! தெரு நாய்கள் ஓடும். தென்னையில் இருந்த காக்கை பறக்கும். அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும்; டீசல் புகை என்று சொல்லிக்கொள்வார்.

உழத் தொடங்கியதும் வேறு கதை. டில்லர் கத்திகளில் இடப்பக்கம் வளைந்தது, வலப்பக்கம் வளைந்தது என்று இரண்டு வகை. பூட்டுகிற முறையைப் பொறுத்து நிலம் சமமாக விழும், அல்லது நடுவில் மேடாகும், அல்லது பள்ளமாகும். நம்மவர் பூட்டியதில் தோட்டம் முழுக்கப் பள்ளம் விழுந்தது.

"சொட்டுநீர்க் குழாய் பதிக்க வாய்க்கால் எடுத்தனுங்க. ஆளை வெச்சு வெட்டுனா என்ன கூலியாகும், தெரியுமா?" என்றார் அசராமல்.

தோட்டத்தின் கோடியில் கொஞ்சம் சரிவு. சமதரையில் இடது பக்கத் திருப்பும் கிளட்ச்சைப் பிடித்தால் மிஷின் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் அதே கிளட்ச்சைப் பிடித்தால் இடது சக்கரம் எஞ்சினின் பிடி விட்டு உருண்டு முந்திக்கொள்ளும். மிஷின் வலது பக்கம் திரும்பும். இதை நம்மவர் டீக்கடையில் பலருக்கும் விளக்கியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்து வேலியும் நாலு முருங்கையும் சாய்ந்தன. ஓடி வந்த பக்கத்துத் தோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு குச்சியால் மண்ணில் படம் போட்டு ஏன் அப்படித் திரும்பியது என்று விளக்கினார். அவரும் உட்கார்ந்து கேட்டார். இந்தப் பக்கத்து ஆண்களின் பலவீனம் அது.

உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான். கத்திகளை மாற்றிப் பூட்டியதும் மிஷின் ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டது. புகை இல்லை, கசிவு இல்லை, முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. நம்மவருக்குச் சோறு இறங்கவில்லை. டீக்கடைக்குப் போனால், "மிஷின் எப்படீங்க?" என்று யாரோ கேட்பார்கள். "ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார். கடைசியில் அந்த அம்மாவேதான், "வித்துப்போட்டு வேற ஒண்ணு வாங்கிக்கோங்க. இப்படி உக்காந்திருக்கறதைப் பாக்க முடியலை" என்று வழி சொன்னார். வாங்க வந்தவரிடம் நம்மவர் சொன்னதை நான் காதால் கேட்டேன்: "பேங்க் மேனேஜர் தோட்டத்து வண்டிங்க. ஒரே கை ஓட்டுனது."

இப்போது ஷெட்டில் வேறொன்று வந்து நிற்கிறது. அதில் எஞ்சினே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

உங்களுக்கும் பழைய டில்லர் வாங்கும் எண்ணம் இருந்தால், போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே சிரமப்பட்டு ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, நன்றாக ஆறிய பிறகு போய் உங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் விரலால் சுரண்டிப் பாருங்கள். என்ன ஆனாலும் விஷயம் தெரிந்தவர் என்று நம்மவரைத் துணைக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். மிஷின் மோசமாக இருந்தால் அவரே வாங்கிவிடுவார்.