தோட்டத்து லயத்துக்கு கிராப் வரவழைப்பது எப்படி?

முதலில், நோய் வரும் நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நெஞ்சுவலி வேலைநாளில் காலை பத்துக்கு மேல் வருவது உத்தமம். அதற்கு முன்னால் பட்டணத்து ஓட்டுநர்கள் ஆபீஸ் சவாரியில் இருப்பார்கள். ராத்திரியில் வந்தாலோ, செம்பனைக்கு நடுவே காடி விட எவருக்கும் மனசு வராது.

அடுத்து, கைப்பேசியில் லைன் கிடைக்கும் மேட்டைக் கண்டுபிடியுங்கள். பொழுது சாய இளவட்டங்கள் எங்கே கூடி நிற்கிறார்களோ அதுதான். அங்கே ஏறிச் செயலியைத் திறந்தால் நீங்கள் நிற்குமிடம் வெறும் பச்சையாகத் தெரியும். லயத்து வீட்டு நம்பரைப் போட்டுப் பார்க்க வேண்டாம். முச்சந்தி முனியாண்டி கோயிலைக் குறியுங்கள். ஓட்டுநர் வருவதாக ஒப்புக்கொள்வார். சந்தோஷப்பட வேண்டாம். தோட்டத்துக் கேட்டில் காவலுக்கிருக்கும் ஜாகா அவரை நிறுத்தி, புத்தகத்தில் பெயர் எழுதச் சொல்வார். சவாரி ரத்தாவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான்.

ஓட்டுநரைத் திட்டாதீர்கள், அவர் கணக்கு நியாயமானது. ஒருவரை இறக்கிய இடத்திலேயே அடுத்தவரை ஏற்றினால்தான் இந்தத் தொழிலில் காசு. 2012இல் ‘மைடெக்சி’ என்ற பெயரில் கோலாலம்பூரில் கிளம்பி, 2018இல் ஊபரின் தென்கிழக்காசிய வியாபாரத்தையே வாங்கிப் போட்ட கிராப் கம்பெனியாலும், இல்லாத பயணியை உண்டாக்க முடியாது. பால்மரக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற கூட்டமே பல பஸ்களை நிரப்பியிருக்கும். செம்பனைக்கு அத்தனை கை வேண்டியதில்லை. ஆள் குறைந்ததும் பஸ் குறைந்தது. பஸ் குறைந்ததும் மிச்சமிருந்தவர்களும் தாமான் வீட்டுக்குப் போனார்கள். இப்போது, பஸ் இல்லாத இடத்துக்காகவே உண்டானது என்று சொல்லப்படும் சேவையும் ஆளில்லை என்று வர மறுக்கிறது.

லாபு பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குத் தனிக் குறிப்பு. உங்களுக்கு என்ன குறை? 1995 முதல் இந்தப் பாதையில் மின்சாரக் கொமுட்டர் ஓடுகிறது. லாபு ஸ்டேஷனில் ஏறினால் நேரே கேஎல் சென்ட்ரல். ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் எப்படியாவது வந்துவிடுங்கள். கோலாலம்பூரில் இதற்காகவே ரேபிட் கேஎல் வேன் விட்டிருக்கிறார்கள். செயலியில் கூப்பிட்டால் வீட்டுப் பக்கத்தில் ஏற்றி ஸ்டேஷனில் விடுகிறது, ஒரு வெள்ளிக் கட்டணத்தில் தொடங்கிய சேவை. உங்களுக்கு அந்த வேலையை மோட்டார் வைத்திருக்கும் தங்கச்சி மகன் செய்வான். பெட்ரோல் ஊற்றிக் கொடுங்கள்.

இதெல்லாம் சரிவராவிட்டால், கிராப் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே தோட்டத்தில் ஓடும் சேவைக்கு வாருங்கள்: பிரெபெட் சாப்பு. பழைய புரோட்டான் சாகா வைத்திருக்கும் மாமா ஒருவர் எல்லாத் தோட்டத்திலும் இருப்பார். முன்பதிவு மளிகைக்கடையில். முதல்நாள் சாயங்காலம் சொல்லி வைத்தால் போதும், பங்குச் சவாரி தானாகவே அமைந்துவிடும்: மருத்துவமனைக்கு நீங்கள், கரண்டு பில் கட்ட ஒருவர், டெர்மினல் ஒன்னில் மலாக்கா பஸ் ஏற ஒரு பெண், அவள் மடியில் கோழி. கூலியை முன்கூட்டிக் கேட்பது மரியாதை இல்லை. மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்து அதையே நீட்டுங்கள். நட்சத்திர மதிப்பீடும் உண்டு, ஆனால் மதிப்பிடுவது ஓட்டுநர்தான். பாக்கி வைத்தவரின் பெயர் மகள் கல்யாணம் வரைக்கும் கூட வரும்.

சட்டம் இதை ஒப்பாது. 2019இலிருந்து செயலி ஓட்டுநர்களுக்கே பயிற்சி, பிஎஸ்வி லைசென்ஸ் என்று கட்டாயமாகிவிட்டது. மாமாவிடம் இருப்பது டேஷ்போர்டு முருகன் மட்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும், இது விளையாட்டில்லை. வழியில் சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜே நிறுத்தினால் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்று சொல்லுங்கள். ஒரே தோட்டத்தில் மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். விசாரித்தால் பாதிக்குமேல் உண்மையாகவே இருக்கும்.

திரும்புவதற்குச் செயலியைத் தாராளமாக நம்பலாம், சிரம்பானில் காடிக்குப் பஞ்சமில்லை. போகுமிடத்தில் தோட்டத்துப் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். பெரிய ரோட்டுப் பெட்ரோல் நிலையத்தைப் போடுங்கள். ஏறி, பெல்ட் மாட்டி, ஓட்டுநரின் பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று விசாரித்து, பாதி தூரம் போனபிறகு, “இன்னும் கொஞ்சம் உள்ளே போகணும் அண்ணே” என்று தொடங்குங்கள். மேலே ஐந்து வெள்ளியைக் கையில் தயாராக வைத்திருங்கள். மழை பெய்திருந்தால் பத்து.